நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெருக்கல் குறி

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ஸலாமை முழுமையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. நம் சமுதாயத்து மடல்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் ‘அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்)’ என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். எம்மிடம் ஓதும் ஒரு சிறுமி சென்ற மாதம் ஓர் அழைப்பிதழைக் கொண்டுவந்து, “ஹஜ்ரத், வரஹ் என்பது மாப்பிள்ளையின் ஊரா?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். பிறகு, அந்தச் சிரிப்பில் பங்குகொள்ளும் தகுதி எமக்கு இருக்கிறதா என்ற நினைப்பு வந்தது. சென்ற ரமளானில் எம் கையால் எழுதிய ஒரு குறி ஒரு பெரியவரின் நோன்பு நாள்களில் என்ன செய்தது என்பதை இன்னும் நாம் மறக்கவில்லை. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

புளியங்குடியில் மக்ரிபுத் தொழுகைக்குப் பின் எம் வகுப்பு நடக்கிறது. வருவோர் பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரை உள்ள மாணவர்கள். பகல் முழுதும் பள்ளிக்கூடம், அதன்பின் டியூஷன், அதன்பின் நாம். இஷாவுக்குள் முடித்தாக வேண்டும். மஸாயில்களைச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பிள்ளைகள் எல்லாரிடமும் கிதாபு இல்லை. ஒருநாள் நாம் ஒரு நிமிடம் இயல்பான வேகத்தில் பேசி, எத்தனை சொற்களை எழுதினார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். நாம் பேசியவை தொண்ணூறு சொற்களுக்குக் குறையாது. வகுப்பிலேயே வேகமாக எழுதும் மாணவன் எழுதியவை பதினாறு. மற்றையோர் பத்தைத் தாண்டவில்லை. தமிழில் ஒரு சொல் நீளமானது. ‘செய்யவேண்டியிருக்கிறது’ என்று ஒருவன் எழுதி முடிப்பதற்குள் நாம் அடுத்த ஷர்த்துக்குப் போய்விடுகிறோம்.

எனவே சுருக்கக் குறிகளைக் கற்றுக்கொடுப்பதென்று முடிவு செய்தோம். ஃபர்ளுக்கு ‘ஃப’, வாஜிபுக்கு ‘வா’, சுன்னத்துக்கு ‘சு’, மக்ரூஹுக்கு ‘ம’. ஷாஃபிஈ மத்ஹபுக்கு ‘ஷா’, ஹனஃபீ மத்ஹபுக்கு ‘ஹ’. காரணம் என்பதற்கு மூன்று புள்ளி, விளைவுக்கு அம்புக்குறி, சமம் என்பதற்குக் கணக்குப் பாடத்துக் குறி. ஹலால், ஹராம் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அவற்றை மட்டும் சுருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். அவ்வளவு எச்சரிக்கையாக இருந்துவிட்டதாக எமக்கு ஒரு திருப்தி!

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நாம் ஓதிய கிதாபுகளே குறிகளால் நிறைந்தவை. ஹதீஸ் ஓதியவர்களுக்குத் தெரியும்: ‘ஹத்தஸனா’ என்ற சொல்லை முன்னோர் முழுமையாக எழுதுவது அரிது. ‘ஸனா’ என்று எழுதுவர். சில இடங்களில் வெறும் ‘னா’. ‘அக்பரனா’ என்பது ‘அனா’ ஆகிவிடும். ஆனால் வாசிக்கும்போது முழுச்சொல்லையும் சொல்லியே வாசிக்க வேண்டும். உஸ்தாதின் முன் ‘ஸனா’ என்று வாசித்த மாணவன் அன்று தப்ப முடியாது. ஸஹீஹ் முஸ்லிமில் ஓர் அறிவிப்பாளர் தொடரிலிருந்து மற்றொரு தொடருக்கு மாறும் இடத்தில் தனியாக ஒரு ‘ஹா’ நிற்கும். முதன்முறை அதைக் கண்டபோது அச்சுப்பிழை என்றே நாம் எண்ணினோம். நம் நாட்டில் அச்சான பழைய கிதாபுகளின் ஓரக்குறிப்புகள் முடியும் இடத்தில் 12 என்ற எண் இருக்கும். ‘ஹத்து’, அதாவது எல்லை என்ற சொல்லின் ஹாவுக்கு 8, தாலுக்கு 4, கூட்டினால் 12 என்று உஸ்தாது விளக்கினார்கள். கடைகளின் நெற்றியில் நாம் எழுதிவைக்கும் 786 பிறந்ததும் இந்த அப்ஜது கணக்கில்தான். அதைப் பற்றிய எம் கருத்தைப் பிறிதொரு நாள் எழுதுவோம்.

குர்ஆன் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளுக்கு மேலே சிறிய மீம் இருந்தால் அங்கு நிறுத்துவது கட்டாயம். லா இருந்தால் அங்கு நிறுத்தலாகாது. நம் நாட்டுப் பிரதிகளில் காணப்படும் இந்த அடையாளங்கள் பெரும்பாலும் ஹிஜ்ரி 560-இல் மறைந்த இமாம் ஸஜாவந்தீ அவர்கள் வகுத்த முறையைச் சார்ந்தவை. ஓரத்தில் ‘ஐன்’ என்னும் எழுத்தோடு மூன்று எண்கள் இருக்கும்: மேலே இருப்பது சூராவில் எத்தனையாவது ருகூஉ என்பது, நடுவில் இருப்பது அந்த ருகூஉவில் உள்ள ஆயத்துகளின் எண்ணிக்கை, கீழே இருப்பது ஜுஸ்உவில் எத்தனையாவது ருகூஉ என்பது. மூன்று எண்களில் இவ்வளவு செய்தி! இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன், “அப்படியானால் அலிஃப் லாம் மீம் என்பதும் சுருக்கக் குறியா?” என்று கேட்டான். அதன் பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று சொல்லி, அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றோம். நல்ல கேள்விதான்.

குறிகளின் துறையில் மிகப் பெரிய துணிச்சல் இமாம் ஷாத்திபீ அவர்களுடையது. ஹிஜ்ரி 590-இல் மறைந்த அப்பெருமகனார், ஏழு காரிகளின் ஓதல் வேறுபாடுகளை ஒரே கவிதை நூலில் அடக்கினார். அலிஃப் என்றால் நாஃபிஉ, பா என்றால் காலூன், ஜீம் என்றால் வர்ஷ். கவிதைச் சொல்லின் முதலெழுத்தே ஓர் இமாமைச் சுட்டும். திறவுகோல் இல்லாதவனுக்கு அது வெறும் கவிதை. திறவுகோலை மனனம் செய்தவனுக்கு அது ஒரு முழுக் கலை. அவர்கள் அத்திறவுகோலை நூலின் முன்னுரையிலேயே கொடுத்துவிட்டார்கள். இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

எம் தந்தையார் இவ்வூர் எலுமிச்சைச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ‘மேற்படி’ என்று அவர் எழுதியதே இல்லை. ௸ என்ற ஒரே சுழிப்பில் முடிப்பார். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்க, ஏலம் கூறுபவர் விலை சொல்லிக்கொண்டிருக்க, அவர் கை நிற்காது. ஆனால் மாலையில் கடை அடங்கியபின் அந்தத் துண்டுச் சீட்டுகளைப் பார்த்துப் பேரேட்டில் ஒழுங்காக எழுதிய பிறகே வீட்டுக்கு வருவார். “ராத்திரி தூங்கி எழுந்தால் என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகிவிடும்” என்பார். நாம் அதைக் கேட்டும் கேளாதவராக வளர்ந்தோம்.

அதன் பலன் எம் அலமாரியில் இருக்கிறது. இஸ்லாமியக் கல்விப் பட்டயப் படிப்பின்போது எழுதிய நோட்டுகள் நான்கு. அவற்றுள் ஃபராயிளு பாடத்து நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘த.கு.’ என்று வருகிறது. தந்தையின் குடும்பமா, தனிக் குறிப்பா, தள்ளுபடிக்குரியதா? இருபது ஆண்டுகளுக்குப் பின் எமக்கே தெரியவில்லை. கேட்கலாம் என்றால் உஸ்தாது வஃபாத்தாகிவிட்டார்கள். வாரிசுரிமைச் சட்டத்தில் அவர்கள் விளக்கிய அரிய நுணுக்கம் ஏதோ அந்த இரண்டு எழுத்துகளுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

இனி அந்த ரமளான்.

ஷஃபான் மாத இறுதியில் நோன்பின் சட்டங்களை நடத்தினோம். நோன்பாளி மிஸ்வாக்குச் செய்வது பற்றி வந்தது. உச்சிப்பொழுது சாய்ந்த பின் நோன்பாளி பல் துலக்குவது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கூற்றுப்படி மக்ரூஹ். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியினும் சிறந்தது என்னும் ஹதீஸை அவர்கள் ஆதாரமாகக் கொள்வர். ஹனஃபீ மத்ஹபில் அப்படி ஒரு வெறுப்பு இல்லை. பகல் முழுவதும் மிஸ்வாக்கு சுன்னத்தே. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த இமாம் நவவீ அவர்களே தம் ‘மஜ்மூஉ’ நூலில் மக்ரூஹ் இல்லை என்ற பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னோம். இஷா பாங்குக்கு ஐந்து நிமிடமே இருந்தது. கரும்பலகையில் நாம் எழுதியது இவ்வளவே:

நோன்பு, மிஸ்வாக்கு, உச்சிக்குப் பின். ஷா: ம. ஹ: ×

‘ம இல்லை’ என்ற பொருளில் அந்தப் பெருக்கல் குறியை இட்டோம். வாயால் சொல்லவும் செய்தோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பெருக்கல் குறி என்றால் தவறு, செய்யாதே. அந்த மாணவன் வீட்டில் போய் நோட்டைப் பார்த்தபோது எம் குரல் அவனுக்கு நினைவில் இல்லை, குறி மட்டும் இருந்தது. ஷாஃபிஈகளுக்கு மக்ரூஹ், ஹனஃபீகளான நமக்கோ அறவே கூடாது என்று அவன் விளங்கிக்கொண்டான்.

அவன் வீட்டில் அவனுடைய பாட்டனார் இருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர். அஸர் தொழுகைக்கு ஒளூச் செய்யுமுன் வேப்பங்குச்சியால் பல் துலக்குவது அவருடைய நாற்பதாண்டு வழக்கம், ரமளானிலும் விட்டதில்லை. பேரன் நோட்டை நீட்டி, “நன்னா, ஹஜ்ரத் எழுதிப்போட்டாங்க” என்று சொன்னான். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அந்த ரமளான் முழுவதும் எடுக்கவில்லை.

எமக்கு இது தெரியவந்தது ஷவ்வாலில். சிறு தேர்வு ஒன்று வைத்தோம். அவன் விடைத்தாளில் ‘ஹனஃபீ மத்ஹபில் தடை’ என்று இருந்தது. நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். நாம் எழுதியதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருந்தான். அவன்மீது ஒரு குற்றமும் இல்லை. பேச்சோடு பேச்சாக வீட்டில் நடந்ததையும் சொன்னான், பாட்டனார் தன் சொல்லைக் கேட்டார் என்ற பெருமையோடு.

அன்றிரவே அவர்கள் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி, பிழை எம்முடையது என்றோம். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஓதிக்கொடுக்கிறவங்க சொன்னதாப் பிள்ளை சொன்னான், விட்டுட்டேன். நாப்பது வருஷம் தப்பாச் செஞ்சிட்டோமோன்னு தினம் அஸருக்கு ஒரு கலக்கம். அது போச்சு, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். எம்மைக் கடிந்து ஒரு சொல் இல்லை. தேநீர் வரவழைத்தார். விட்டுப்போன சுன்னத்துக்காக அவர்மீது பாவம் ஏதும் இல்லை என்று நாம் சொன்னோம். அதை அவரும் அறிந்தே இருந்தார். ஆனால் முப்பது நாள், ஒவ்வோர் அஸருக்கும், தம் வாழ்நாள் அமலைப் பற்றி அவர் கலங்கியிருக்கிறார். அந்தக் கலக்கத்தை நாம் ஒரு பெருக்கல் குறியால் உண்டாக்கினோம். அவ்வாண்டு ரபீஉல் அவ்வலில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு அடுத்த ரமளான் வாய்க்கவில்லை.

அதன்பின் நாம் மீண்டும் ஓதத் தொடங்கினோம். டமாஸ்கஸில் ஹதீஸ் கற்பித்து ஹிஜ்ரி 643-இல், அதாவது 1245-இல், மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள், தம் நூலில் ஹதீஸை எழுதும் முறைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். மாணவப் பருவத்தில் தேர்வுக்காக அதை ஓதியவர்தாம் நாம். இப்போது வாசித்தபோது அது எமக்கென்றே எழுதப்பட்டதாக இருந்தது. தனக்கு மட்டும் புரியும் குறியை ஒருவன் தன் ஏட்டில் வகுத்துக்கொண்டு பிறரைத் தடுமாற்றத்தில் ஆழ்த்தலாகாது. குறிகளைக் கையாள்வதாயின் நூலின் தொடக்கத்திலோ முடிவிலோ அவற்றின் பொருளைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஷாத்திபீ அவர்கள் முன்னரே செய்து காட்டியதும் அதுவே.

அப்பகுதியில் மற்றொரு செய்தியும் உண்டு. இரண்டு ஹதீஸ்களுக்கு இடையே ஒரு சிறு வட்டம் இடுவது முன்னோர் வழக்கம். ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீபுல் பக்தாதீ அவர்கள், அந்த வட்டத்தை வெறுமையாக விட்டுவைக்கச் சொன்னார்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதனுள் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வட்டத்தில் புள்ளி இல்லையென்றால் அந்த ஹதீஸ் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று பொருள். எவ்வளவு எளிய ஏற்பாடு! வேகமாக எழுதுவதைத் தடுக்கவில்லை. எழுதியதை அன்றே நம்பிவிடுவதைத் தடுக்கிறது.

ஒப்பிடுதல் இல்லாமல் வேகத்தை நம் முன்னோர் மதித்ததில்லை. இப்னு நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் மருத்துவ மேதை அர்ராஸீ அவர்கள் சொன்னதாக ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். சீனத்திலிருந்து வந்த ஒருவர் அவரிடம் தங்கி அரபு கற்றார். ஊர் திரும்பும் காலம் நெருங்கியபோது, ஜாலினூஸின் பதினாறு நூல்களையும் தமக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டார். ஒரு மாதத்தில் எப்படி முடியும் என்று அர்ராஸீ வியக்க, வாசிப்பவரை விட வேகமாக எழுதக்கூடிய சுருக்கெழுத்து தம் நாட்டில் உண்டு என்றாராம் அவர். அர்ராஸீயும் மாணவர்களும் வாசிக்க வாசிக்க அவர் முந்தி எழுதினார். அப்போதும் அவர்கள் நம்பவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்பினர்.

குறிகள் கைமாறும்போது என்ன ஆகும் என்பதற்கு இமாம் ஸுயூத்தீ அவர்களின் ‘ஜாமிஉஸ் ஸகீர்’ ஒரு சான்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் கொண்ட அந்நூலில் ‘கா’ என்றால் புகாரீ, ‘மீம்’ என்றால் முஸ்லிம், ‘காஃப்’ என்றால் இருவரும். இவற்றை முன்னுரையிலேயே விளக்கிவிட்டார்கள். ஆனால் ஹதீஸின் தரத்தைக் காட்ட இட்ட சிறு குறிகளைப் பிரதி எடுத்தவர்கள் சிதைத்துவிட்டதால் அவற்றை நம்பிவிட முடியாது என்று அதற்கு விரிவுரை எழுதிய இமாம் முனாவீ அவர்கள் எச்சரிக்கிறார்கள். பலவீனமானது பலமானதாகவும் பலமானது பலவீனமானதாகவும் ஆவதற்கு ஒரு பேனாச் சறுக்கல் போதும்.

சலவாத்தின் செய்தி தனி. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பெயருக்குப் பின் வரும் சலவாத்தைச் சுருக்குவதை இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் வெறுத்தார்கள். நான்கு எழுத்துகளாக அதை முதலில் சுருக்கியவனின் கை வெட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது என்றுகூட ஸுயூத்தீ அவர்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழில் நாம் ‘ஸல்’ என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். அச்சுக்காகிதம் அருமையாக இருந்த காலத்தில் பெரியவர்கள் இதற்கு இடம் கொடுத்தார்கள், வாசிப்பவர் முழுமையாகச் சொல்வார் என்ற நம்பிக்கையில். இன்று பிள்ளைகள் “நபி ஸல் அவர்கள்” என்றே வாய்விட்டு வாசிக்கிறார்கள். ஒரு மாணவன் கட்டுரையில் ‘ரலி’ என்பதைக் குடும்பப் பெயராகக் கருதி, ‘உமர் ரலியும் உஸ்மான் ரலியும்’ என்று எழுதியிருந்தான். இருவரும் அண்ணன் தம்பியா என்றும் கேட்டான். கைப்பேசிச் செய்திகளில் ‘ஜஸாக்’ என்று துஆவை நடுவில் முறித்து அனுப்புவதைப் பற்றி நாம் என்ன சொல்ல! பாடக் குறிப்பில் நேரம் இல்லை என்பது உண்மை. துஆவுக்கு அந்தக் காரணம் பொருந்துமா?

ஆகையால் எம் வகுப்பில் இப்போது சலவாத்தைச் சுருக்க அனுமதி இல்லை. வேகம் குறைந்தால் குறையட்டும், அந்த இடத்தில் நாம் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறோம். மற்றச் சுருக்கங்கள் தொடர்கின்றன. அவை இல்லாமல் பாடம் நடக்காது. ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் குறிகளின் பட்டியல் இருக்க வேண்டும், எல்லார் நோட்டிலும் ஒரே பட்டியல். புதிய குறி தேவைப்பட்டால் வகுப்பில் சொல்லி, எல்லாரும் எழுதிக்கொண்ட பிறகே பயன்படுத்தலாம். பெருக்கல் குறியை நீக்கிவிட்டோம். ‘இல்லை’ என்பதை ‘இல்லை’ என்றே எழுதுகிறோம், மூன்று எழுத்துதானே. சட்டத்தின் தீர்ப்பு எதுவோ அதைச் சுருக்குவதில்லை. காரணங்களையும் உதாரணங்களையும் சுருக்கலாம். ‘ம’வும் போய்விட்டது, மக்ரூஹ் என்று முழுமையாக எழுதுகிறார்கள்.

ஒவ்வொரு மஸ்அலாவின் முடிவிலும் ஒரு வட்டம். வியாழன் இரவில் புதிய பாடம் இல்லை. இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் நோட்டை மற்றவர் வாய்விட்டு விரித்து வாசிக்க வேண்டும். தடுமாறினால் நாம் சென்று கிதாபைக் காட்டுவோம். சரியென்று கண்டபின் வட்டத்தில் புள்ளி. புள்ளி இல்லாத எதையும் வீட்டில் சட்டமாகச் சொல்லலாகாது என்பது நிபந்தனை. பெற்றோர்களும் பாட்டி, பாட்டனார்களும் பிள்ளைகள் “ஹஜ்ரத் சொன்னாங்க” என்று ஏதேனும் கொண்டுவந்தால், அமலை விடுமுன் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையேல் எம்மிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். மக்ரிபுக்குப் பின் நாம் அங்கேதான் இருப்போம்.

அந்த மாணவன் இப்போதும் வருகிறான். பாட்டனாரின் மய்யித்துக்குச் சில நாள்களுக்குப் பின் பழைய நோட்டைக் கொண்டுவந்து, அந்த வரிக்கும் ஒரு வட்டம் போட்டு, கிதாபைக் காட்டச் சொன்னான். காட்டினோம். பெருக்கல் குறியை அடித்துவிட்டு ‘மக்ரூஹ் இல்லை’ என்று எழுதினான். பேனாவை எம்மிடம் நீட்டி, “நீங்க வைங்க ஹஜ்ரத்” என்றான். வட்டத்தில் புள்ளியை நாம் வைத்தோம்.